மருந்துக்கு முன் பரிசோதனை
இரத்தத்தில் பரவும் நோய்த்தொற்றும் நமது கடமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி, இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் வழக்கமாக நாம் பேசும் பொருள் வேறு. இன்று இரத்தப் பரிசோதனை பற்றிப் பேச வந்திருக்கிறோம். மதரஸாவில் ஓதிய ஓர் ஆலிமுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நமக்கும் அந்த எண்ணம் இருந்தது. சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் நிகழ்ந்த ஒரு மரணம் அதை மாற்றிவிட்டது. அவருடைய குடும்பத்தாரின் அனுமதியோடு, பெயர் கூறாமல் அதனை எடுத்துரைக்கிறோம்.

திங்கட்கிழமை வந்த காகிதம்

அவர் முன் வரிசைத் தொழுகையாளி. அறுபதைத் தாண்டிய வயது. நெடுநாளாகச் சர்க்கரை நோய். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் குளிர்காய்ச்சலும் கண்டபோது, மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரைகளை நான்கு நாட்கள் உட்கொண்டார். காய்ச்சல் தணிவதும் திரும்புவதுமாக இருந்தது. ஐந்தாம் நாள் இரவு பேச்சுக் குழறி, மூச்சு வாங்கி, கைகால்கள் சில்லிட்ட நிலையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். செய்தி கேட்டு நாமும் சென்றோம்.

செவிலியர் ஒரு கையில் இரத்தம் எடுத்துப் புட்டிகளில் நிரப்பினார். பிறகு மற்றக் கையிலும் எடுக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் கலங்கிப் போய், "ஹஜ்ரத், அத்தா ஏற்கெனவே சோர்ந்து கிடக்கிறார்களே, இன்னும் இரத்தம் எடுக்கத்தான் வேண்டுமா?" என்று நம்மிடம் கேட்டார்கள். நாம் செவிலியரை நோக்கி, "அம்மா, ஒரு கையில் எடுத்ததே போதாதா?" என்று சொல்லிவிட்டோம். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டாரே என்று அவரும் விட்டுவிட்டார். நன்மையை நாடியே சொன்னோம். ஆனால் அறியாமல் சொன்னோம்.

சனிக்கிழமை அஸருக்கு முன் அவர் மறைந்தார். அன்றிரவே நல்லடக்கம் முடிந்தது. திங்கட்கிழமை அவருடைய மகன் ஒரு காகிதத்தோடு வந்தார். இரத்தத்தில் வளர்ந்த கிருமியின் பெயரும், மருந்துகளின் நீண்ட பட்டியலும் அதில் இருந்தன. பெரும்பாலான மருந்துகளுக்கு எதிரே 'ஆர்' என்ற எழுத்து. இரண்டு மூன்றுக்கு மட்டும் 'எஸ்'. 'ஆர்' என்றால் அம்மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கிறது என்றும், 'எஸ்' என்றால் அம்மருந்துக்குக் கிருமி அடங்கும் என்றும் பொருள் என நமக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் விளக்கினார். அந்த இரண்டு நாட்களும் அவருக்கு ஏற்றப்பட்ட மருந்துக்கு எதிரே 'ஆர்' என்றே எழுதியிருந்தது.

"ஹஜ்ரத், இந்தக் காகிதம் வியாழக்கிழமையே வந்திருந்தால்?" என்று அவர் கேட்டார். ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்று ஆறுதல் கூறினோம், அது உண்மை. ஆயினும், முயற்சி நம் கையில் அல்லவா கொடுக்கப்பட்டிருக்கிறது? அவருடைய கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இந்த உரை.

இரத்தத்தில் கிருமி புகுந்தால்

சிறுநீர்ப்பாதை, நுரையீரல், குடல், ஆறாத புண், மருந்து ஏற்றும் குழாய் ஆகியவற்றின் வழியாகக் கிருமிகள் இரத்த ஓட்டத்தில் புகுவதுண்டு. அவற்றை எதிர்க்கும் போராட்டத்தில் உடல் நிலைதடுமாறி, சிறுநீரகம், நுரையீரல், இதயம் முதலான உறுப்புகள் பழுதடையும் நிலையை மருத்துவர்கள் 'செப்சிஸ்' என்பர். 2017 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இந்நிலை ஏற்பட்டது என்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தனர் என்றும் 2020 இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உலகில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இது.

இந்நோயில் நேரம் என்பது உயிர். இரத்த அழுத்தம் வீழ்ந்த 2,731 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2006 இல் வெளிவந்தது. அழுத்தம் வீழ்ந்த முதல் 6 மணி நேரத்தில், சரியான மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்தது என்று அது கூறியது. இங்கே 'சரியான மருந்து' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஏதோ ஒரு மருந்து என்பதன்று. அந்தக் கிருமியை அடக்கவல்ல மருந்து என்பதாகும்.

கிருமிகள் கற்றுக்கொண்ட பாடம்

பென்சிலினை 1928 இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945 இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே எச்சரித்திருந்தார்: போதிய அளவின்றி மருந்தை உட்கொண்டால், கிருமி சாவதற்குப் பதிலாக அம்மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று. அது அப்படியே நடந்தது. மருந்தைச் சிதைக்கும் நொதிகளைக் கிருமிகள் சுரக்கின்றன. அவ்வாறு சுரக்கும் ஆற்றலை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கைமாற்றியும் கொடுக்கிறது.

எளிய மருந்துகள் பயனற்றுப் போனபோது 'கார்பபெனெம்' என்ற வலிமை மிக்க மருந்து வகை கைகொடுத்தது. அதனையும் சிதைக்கும் நொதிகள் தோன்றின. அவற்றுள் 'என்.டி.எம்.' என்பது, இந்தியாவில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008 இல் முதன்முதலாகக் காணப்பட்டது. 2010 இல் வெளியான பெரிய ஆய்வில், சென்னையில் சேகரித்த மாதிரிகளில் மட்டும் 44 கிருமிகளில் அது இருந்தது. ஆகவே இது எங்கோ தொலைதூரத்து நோயன்று. நம் மாநிலத்தில் பதிவான செய்தி. 2012 இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் ஒன்றுகூடி, இதனை எதிர்கொள்ளும் வழிமுறைகளைச் 'சென்னைப் பிரகடனம்' என்ற பெயரில் வெளியிட்டதும் இக்காரணத்தால்தான். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

பழைய முறையின் தாமதம்

இரத்தத்தில் என்ன கிருமி உள்ளது என்பதை அறிய 'பிளட் கல்ச்சர்' எனும் வளர்ப்புச் சோதனை செய்கிறார்கள். நோயாளியின் இரத்தத்தில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒரு மில்லி இரத்தத்தில் ஒன்றிரண்டே இருக்கக்கூடும். எனவே கிருமி பெருகுவதற்கான ஊட்டம் நிறைந்த புட்டியில் இரத்தத்தை விட்டு, கருவிக்குள் வைத்துக் காத்திருக்கிறார்கள். கிருமி வளர்ந்ததைக் கருவி உணர்த்துவதற்குப் பெரும்பாலும் அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகிறது. அதன்பின் தட்டில் வளர்த்துப் பெயரை அறிய இன்னொரு நாள். எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க மற்றுமொரு நாள். ஆக, இரண்டு மூன்று நாட்கள் கழிகின்றன. இடையில் விடுமுறை நாள் வந்தாலோ, புட்டி வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்குச் செல்ல வேண்டியிருந்தாலோ தாமதம் இன்னும் கூடும்.

அதுவரை மருத்துவர் என்ன செய்வார்? அனுபவத்தைக் கொண்டு ஊகித்து ஒரு மருந்தைத் தொடங்குவார். அதனைக் குறை கூற முடியாது. காத்திருந்தால் நோயாளி தாங்கமாட்டார். ஆனால் ஊகம் தவறினால் விலை பெரிது. ஒன்பது நாடுகளில் நடத்தப்பட்டு 2018 இல் முடிவு வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். செஃப்ட்ரியாக்சோன் எனும் மருந்தை எதிர்க்கும் கிருமி இரத்தத்தில் காணப்பட்ட நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். பைபராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3 விழுக்காட்டினரும், மெரோபெனெம் பெற்றவர்களில் 3.7 விழுக்காட்டினரும் 30 நாட்களுக்குள் இறந்தனர். இரண்டுமே மருத்துவமனைகளில் நாள்தோறும் பயன்படும் நல்ல மருந்துகள். சோதனைக்கூடத்திலும் இரண்டுக்கும் கிருமி அடங்குவதாகவே முதலில் காணப்பட்டது. அப்படியிருந்தும் இவ்வளவு வேறுபாடு.

விரைவுப் பரிசோதனைகள்

இந்தத் தாமதத்தைக் குறைக்கப் பல வழிகளை அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள்.

கிருமியின் புரதங்களை ஒளிக்கதிரால் தாக்கி, அவற்றின் எடைகளைக் கொண்டு கிருமியின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லும் 'மால்டி-டாஃப்' எனும் கருவி ஒன்று. கிருமி வளர்ந்த புட்டியிலிருந்து சில துளிகளை எடுத்து, அதன் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் கருவி மற்றொன்று. பிந்தியது சுமார் 1 மணி நேரத்தில் கிருமியின் பெயரையும், மருந்தை எதிர்க்கும் முக்கியமான மரபணுக்கள் சிலவற்றையும் சேர்த்தே அறிவித்துவிடும்.

இவை விலை மிகுந்தவை. எளியவையும் உண்டு. கர்ப்பத்தை அறிய வீடுகளில் பயன்படுத்தும் பட்டையைப் போன்ற ஒரு சிறு பட்டை, கிருமி சுரக்கும் நொதி எந்த வகை என்பதைச் சுமார் 15 நிமிடத்தில் காட்டுகிறது. இதனால் என்ன பயன்? நம் நாட்டில் 'என்.டி.எம்.', 'ஆக்சா-48' ஆகிய இருவகை நொதிகளும் மிகுதி. 'ஆக்சா-48' மட்டும் உள்ள கிருமிக்குச் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்து பெரும்பாலும் பயன்படும். 'என்.டி.எம்.' இருந்தால் அம்மருந்து தனித்துப் பயன்படாது. அஸ்ட்ரியோனாம் என்ற மற்றொரு மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பட்டையில் தெரியும் ஒரு கோடு, எதனைக் கொடுப்பது என்ற முடிவை மாற்றிவிடுகிறது.

இன்னும் எளியது ஒன்று உண்டு. சோதனைக்கூடங்களில் வழக்கமாகப் பயன்படும் தட்டு, மருந்து தோய்ந்த வில்லை ஆகியவற்றையே கொண்டு, புட்டியிலிருந்து நேரடியாகச் சோதித்து 4, 6, 8 மணி நேரங்களில் முடிவைப் படிக்கும் முறையை ஐரோப்பிய நிபுணர் குழு 2018 முதல் வகுத்துத் தந்துள்ளது. பெரும் கருவி வேண்டாம். பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை புட்டியில் கிருமி வளர்ந்த பிறகே செயல்படுபவை. வளர்ப்புக்குக் காத்திராமல் இரத்தத்திலேயே ஐந்து வகைப் பாக்டீரியாக்களைச் சில மணி நேரத்தில் அறியும் கருவிக்கு 2018 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆயினும் அது எல்லாக் கிருமிகளையும் அறியாது. எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் முழுமையாகச் சொல்லாது. மரபணுச் சோதனையும் அவ்வாறே. தேடிய மரபணு இல்லை என்றால், கிருமி எல்லா மருந்துக்கும் அடங்கும் என்று பொருளாகாது. எனவே பழைய வளர்ப்புச் சோதனை இன்றும் தேவையே.

கருவி மட்டும் போதாது

விரைவாக அறிந்தால் மட்டும் உயிர் பிழைத்துவிடுமா? அமெரிக்காவில் நடந்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், புட்டியில் கிருமி தென்பட்ட நேரத்திலிருந்து அதன் பெயரை அறிய, பழைய முறையில் 22.3 மணி நேரம் ஆனது. விரைவு முறையில் 1.3 மணி நேரமே ஆனது. மருந்தைத் திருத்துவதும் விரைவாயிற்று. தேவையற்ற மருந்துகளும் குறைந்தன. ஆனால் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. 31 ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, விரைவுப் பரிசோதனை செய்த இடங்களில் இறப்பு குறைந்ததைக் கண்டது. எனினும், முடிவை உடனே படித்து மருந்தை மாற்றச் சொல்லும் நிபுணர் குழு இருந்த மருத்துவமனைகளில்தான் அப்பயன் உறுதியாகத் தெரிந்தது.

இதன் பொருள் தெளிவானது. நள்ளிரவில் முடிவு வந்து, காலை வரை அதனை எடுத்துப் பார்ப்பார் இல்லை என்றால், விரைவு என்பது பெயரளவில் நின்றுவிடும். இரத்தம் எடுக்கும் கை, புட்டியைச் சுமக்கும் கால், முடிவைப் படிக்கும் கண், மருந்தை மாற்றும் மனம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தொடர வேண்டும். இவற்றுள் ஒன்று தயங்கினாலும் மற்ற மூன்றின் உழைப்பும் வீணாகிறது. அன்றிரவு தயங்க வைத்தது நமது சொல்.

மருந்தைத் தேர்வதற்கு முன் நோயைப் பிரித்தறிய வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமன்று. 9, 10 ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து பக்தாதில் மருத்துவமனைத் தலைவராக விளங்கிய அபூபக்கர் அர்ராஸீ, அதுவரை மக்கள் குழப்பிக்கொண்டிருந்த பெரியம்மை, தட்டம்மை இரண்டையும் பிரித்துக் காட்டித் தனி நூலே எழுதினார். அந்த மரபுக்கு வாரிசு என்று பெருமை பேசும் நாம், அரைகுறையாக மாத்திரை விழுங்கி நோயின் அடையாளத்தையே மறைத்துவிடலாமா?

நமது பங்கு

இனி நாம் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம்.

முதலாவது, இரத்தம் எடுக்கத் தடை சொல்லாதீர்கள். வயது வந்தவருக்குப் புட்டி ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லி வீதம், பொதுவாக இரு இடங்களில் நான்கு புட்டிகளுக்கு எடுக்கிறார்கள். மொத்தம் 40 மில்லிக்கு மேற்படாது. இரத்த தானத்தில் நாம் கொடுப்பதோ 350 மில்லி. கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால்தான் இவ்வளவு இரத்தம் தேவைப்படுகிறது. இரு இடங்களில் எடுப்பதற்கும் காரணம் உண்டு. தோலின் மேல் வாழும் தீங்கற்ற கிருமி ஒரு புட்டியில் கலந்துவிட்டால் அது நோய்க்கிருமியா அல்லவா என்ற ஐயம் எழும். இரு இடங்களையும் ஒப்பிட்டால் அது தீரும். 'ஒரு கை போதாதா' என்று அன்று நாம் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்பதை இவ்வளவும் கற்ற பின்பே உணர்ந்தோம்.

இரண்டாவது, முதல் மருந்துக்கு முன் இரத்தம் எடுக்கப்பட வேண்டும். 2019 இல் வெளியான ஆய்வு ஒன்றில், மருந்து கொடுக்கும் முன் எடுத்த இரத்தத்தில் சுமார் 31 விழுக்காட்டினரிடம் கிருமி வளர்ந்தது. அதே நோயாளிகளிடம் மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தபோது அது சுமார் 19 விழுக்காடாகச் சரிந்தது. ஒரு வேளை மருந்துக்கே இந்நிலை என்றால், நான்கு நாள் மாத்திரைக்குப் பின் என்ன ஆகும்? ஆகவே மருத்துவமனையில் சேர்க்கும்போது பணிவோடு கேளுங்கள்: "ஐயா, மருந்து தொடங்கும் முன் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தாயிற்றா?" அதே வேளையில், இரத்தம் எடுப்பதற்காக மருந்தை நெடுநேரம் தாமதப்படுத்துவதும் கூடாது. மருந்துக் கடையில் வாங்கி ஏற்கெனவே உண்ட மாத்திரை எது என்பதையும் மறைக்காமல் அட்டையோடு காட்டுங்கள்.

மூன்றாவது, மருத்துவர் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாங்காதீர்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கும் டெங்குக் காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். அவற்றின் மேல் இம்மருந்துகள் வேலை செய்யா. வலிமை மிக்க சில மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. விதி கடைக்காரருக்கு மட்டுமன்று, நம் மனசாட்சிக்கும்தான். நாமும் குற்றமற்றவர் அல்லர். ரமளானில் தொண்டை கட்டினால் தராவீஹ் தடைப்படுமே என்று, வீட்டில் மீந்திருந்த அஸித்ரோமைசின் மாத்திரையைப் பலமுறை விழுங்கியிருக்கிறோம். இனி அதைச் செய்வதில்லை என்று இந்தச் சபையில் சொல்லிக்கொள்கிறோம்.

நான்காவது, முடிவைக் கேட்டுப் பெறுங்கள். "கிருமி வளர்ந்ததா? முதல் செய்தி வந்ததா? மருந்தை மாற்ற வேண்டுமா?" என்று ஒவ்வொரு நாளும் விசாரியுங்கள். குணமாகி வீடு திரும்பினாலும் அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை காய்ச்சல் கண்டால், மருத்துவர் ஊகிப்பதற்கு அது பெருந்துணையாகும்.

நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

நம் ஜமாஅத்தில் பைத்துல்மால் மூலம் மருத்துவ உதவி வழங்கப்படுகிறது. ஆனால் மனு எழுதி, குழு கூடி, தொகை கைக்கு வரச் சில நாட்கள் ஆகின்றன. இந்நோய் அத்தனை நாள் காத்திருப்பதில்லை. கல்ச்சர் சோதனைக்கும், மருத்துவர் பரிந்துரைத்தால் விரைவுப் பரிசோதனைக்கும் ஆகும் செலவை, இரவு நேரமானாலும் பொருளாளர் உடனே வழங்கிவிட்டுப் பின்னர் கணக்கில் ஏற்றிக்கொள்ள இன்றைய தீர்மானத்தில் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மேலும், வாகனம் வைத்திருக்கும் இளைஞர்கள் இருவர் முறை வைத்துப் பொறுப்பேற்றால், வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய புட்டியை மருத்துவமனையின் ஒப்புதலோடு உடனே கொண்டு சேர்க்கலாம். அந்தப் புட்டியைப் பனிக்கட்டியில் வைக்கக் கூடாது, குளிர்பெட்டியிலும் வைக்கக் கூடாது. சாதாரண வெப்பநிலையிலேயே சில மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். பஜ்ருக்கு எழுப்பினால் எழும் இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்; இதற்கும் எழுவார்கள் என்று நம்புகிறோம்.

முதல் பெயராக அந்த மகன் தம் பெயரைக் கொடுத்திருக்கிறார். "என் அத்தாவுக்கு வந்த காகிதம் திங்கட்கிழமை வந்தது, இன்னொருவருக்கு அது முன்னதாக வரட்டும்" என்று சொன்னார். அவருக்கு அடுத்தபடியாக நம் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். வாகனம் ஓட்டத் தெரியாவிட்டாலும், பின்னால் அமர்ந்து புட்டியைப் பிடித்துக்கொள்ள நமக்குத் தெரியும்.

மறைந்த அந்தச் சகோதரரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக. அறியாமல் நாம் சொன்ன சொல்லையும் மன்னிப்பானாக. நோயுற்றோர் அனைவருக்கும் நற்சுகத்தையும், அவர்களுக்காக உழைக்கும் மருத்துவர், செவிலியர், சோதனைக்கூடப் பணியாளர் ஆகியோருக்கு நற்கூலியையும் வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.